வீட்டு வரி எங்கே போகிறது? கடலூரை வைத்து உள்ளாட்சியின் வரவும் செலவும்

கடலூரில் வீட்டு வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்துப் பார்த்தால், கட்டிய காசு முழுவதும் மாநகராட்சிக்குத்தான் என்று தோன்றும். முழுவதும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்ந்து வசூலாகிறது. மாநகராட்சி அதை வாங்கி நூலக ஆணைக்குழுவிடம் கட்டிவிட வேண்டும். கை மாற்றிவிடும் வேலை மட்டும்தான் அதனுடையது. ரசீதில் இருக்கும் கல்விக்கான பங்கு மாநகராட்சியிடமே தங்கும், ஆனால் தனிக் கணக்கில். அந்தக் காசை எடுத்துச் சாக்கடை தூர்வார முடியாது. மிச்சம் இருப்பதுதான் மன்றம் தன் இஷ்டப்படி செலவு செய்யக்கூடிய பணம்.

உள்ளாட்சி நிதியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். பணம் எவ்வளவு வருகிறது என்பதோடு, எந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். "மாநகராட்சிக்குக் கோடிக்கணக்கில் நிதி வருதே, எங்க தெருவுல ஒரு பல்பு மாத்த முடியாதா?" என்று டீக்கடையில் கேட்கிறவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கோடி வேறு வேலைக்கு என்று பெயர் எழுதி வந்த கோடியாக இருக்கும். பல்பு மாற்றச் சொந்த வருமானம் வேண்டும்.

நான்கு வாசல்கள்

உள்ளாட்சிக்குப் பணம் வரும் வழிகள் நான்கு. தானே விதித்து வசூலிக்கும் வரிகளும் கட்டணங்களும் முதல் வழி. இதைத்தான் சொந்த வருவாய் என்கிறோம். இரண்டாவது, வேறொரு துறை வசூலித்து, உள்ளாட்சிக்கென்று பிரித்துக் கொடுப்பது. இது ஒதுக்கப்பட்ட வருவாய். மூன்றாவது மானியம். நான்காவது கடன்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் பத்திரப்பதிவு. திருப்பாதிரிப்புலியூரில் 20 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை என்று 7 சதவீதம், அதாவது 1,40,000 ரூபாய் கட்டுகிறார். இதில் 5 சதவீதம்தான் உண்மையான முத்திரைத் தீர்வை. மீதி 2 சதவீதம், 40,000 ரூபாய், சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை. அது அந்த மனை எந்த உள்ளாட்சி எல்லையில் இருக்கிறதோ அதற்குச் சேர வேண்டிய பணம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி, அது அரசுக்கு. ஆக, நிலம் வாங்குகிறவர் அறியாமலேயே உள்ளாட்சிக்கு ஒரு பெரிய தொகை கட்டுகிறார். இதில் உள்ள சிக்கல், பணம் முதலில் பதிவுத்துறைக்குப் போய், கணக்கு ஒத்துப் பார்த்து, பிறகுதான் உள்ளாட்சிக்கு வரும். ரியல் எஸ்டேட் படுத்துக்கொண்டால் வரவும் படுத்துக்கொள்ளும். இதை நம்பிச் சம்பளத்துக்குத் திட்டம் போடக் கூடாது.

சொத்து வரி: வருமானத்தின் முதுகெலும்பு

கடலூர் 1866லிருந்து நகராட்சி. 2021ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,73,636. பலகையில் பெயர் மாறிய பிறகும் வருமானத்தில் முதலிடம் சொத்து வரிக்குத்தான்.

ஒரு கட்டடத்துக்கு வரி போட அலுவலகம் பார்ப்பது சில விஷயங்களை: தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டடத்தின் பரப்பு எத்தனை சதுர அடி, வீடா கடையா தொழிற்கூடமா, கூரை எப்படிப்பட்டது. பிரதான சாலையில் இருக்கும் கடைக்கும் முதுநகரில் சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே பரப்பாக இருந்தாலும் வரி ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரிவிதிப்பு எண் உண்டு. வீட்டுக் கதவு எண் மாறும், தெருப் பெயர் மாறும், உரிமையாளர் மாறுவார். இந்த எண்தான் நிலையானது. ரசீது தொலைந்தாலும் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் காரியம் நடக்கும்.

வரி அரையாண்டுக்கு ஒன்று. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்றால், ஏப்ரலில் கட்டுகிறவருக்கு 75 ரூபாய் மிச்சம். இழுத்தடிக்கிறவருக்கு மாதம் 15 ரூபாய் ஏறும். தனி ஒருவருக்கு இது சின்னத் தொகை. ஆனால் ஏப்ரலில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் மே, ஜூன் மாதச் சம்பளமும் மின்கட்டணமும் தடையில்லாமல் போகும். எல்லாரும் மார்ச் கடைசி வாரத்தில் வரிசையில் நின்றால், வருடத்தின் பாதி நாள் கல்லாவில் காசு இருக்காது.

வரி உயர்வு என்றால் கூச்சல் வரும்; வராத ஊர் கிடையாது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். சென்னை தவிர்த்த நகரங்களில் 2008ல் பொதுச் சீராய்வு நடந்தது. 2018ல் உயர்த்தி அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2022 ஏப்ரலில்தான் மறுபடி உயர்ந்தது. அந்தப் பதினான்கு வருடத்தில் மின்கட்டணமும் டீசலும் துப்புரவுக் கூலியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2022ல் சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு வந்த உயர்வு இப்படி: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100, தொழிற்சாலைகளுக்கு 75. மஞ்சக்குப்பத்தில் 900 சதுர அடி வீட்டுக்கு 1,000 ரூபாய் இருந்தால் 1,500 ஆனது. பதினான்கு வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுப்பினால் யாருக்கும் கோபம் வரும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது உள்ளாட்சிக்கும் நல்லது, கட்டுகிறவருக்கும் நல்லது. அதனால்தான் இப்போது விதியே ஆண்டு உயர்வுக்கு வழி செய்கிறது. மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவும் இதை நிபந்தனையாகவே வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும். இல்லாவிட்டால் நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது.

வரி விதிக்க முடியாத சொத்துகளும் உண்டு. அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு வரி போட விடாது. கடலூரில் ரயில் நிலையமும் தலைமை அஞ்சலகமும் சாலையையும் விளக்கையும் பயன்படுத்தும், ஆனால் சொத்து வரி கிடையாது. அதற்குப் பதில் சேவைக் கட்டணம் என்று பேசி வாங்கலாம். கேட்டுக் கடிதம் எழுதி, கணக்குக் கொடுத்து, தொடர்ந்து துரத்தினால்தான் வரும்.

கேட்பு, வசூல், நிலுவை

வரிப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் மூன்று எழுத்து டி.சி.பி. தமிழில் கேட்பு, வசூல், நிலுவை. கேட்பு என்றால் இந்த ஆண்டு வர வேண்டியது. அதற்குள் நடப்புக் கேட்பு ஒன்று, பழைய பாக்கிக் கேட்பு ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வசூல் சதவீதத்தை நம்பக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. நடப்புக் கேட்பு 8 கோடி, பழைய பாக்கி 6 கோடி. ஆண்டு முடிவில் நடப்பில் 7 கோடியும் பாக்கியில் 2 கோடியும் வசூலானது. "87.5 சதவீதம் வசூல்" என்று அறிக்கை கொடுத்தால் அது பொய் இல்லை, நடப்புக்கு அதுதான் கணக்கு. பாக்கியில் 33 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 14 கோடிக்கு 9 கோடி, 64 சதவீதம். மூன்று எண்ணும் உண்மை, எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

பாக்கி ஏன் சேர்கிறது? கட்ட மனமில்லாதவர் ஒரு பகுதிதான். கட்டடத்தை இடித்துப் பத்து வருடம் ஆகியும் பதிவேட்டில் அதன் பழைய எண் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு அரையாண்டும் அதற்கும் கேட்பு ஏறும். பெரிய வீட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்திருப்பார்கள். புது எண் மூன்று போட்டிருப்பார்கள், பழைய எண்ணை நீக்கியிருக்க மாட்டார்கள். அப்பா இறந்து பெயர் மாற்றம் செய்யாததால், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்பு அறிவிப்பே போய்ச் சேராது. நீதிமன்றத் தடையில் நிற்கும் பெரிய வணிகக் கட்டடம் ஒன்று இருந்தால் அதுவே ஒரு வார்டின் மொத்தப் பாக்கிக்குச் சமமாகும். வராத பாக்கியை எழுதித் தள்ள மன்றத் தீர்மானமும் மேலிட ஒப்புதலும் வேண்டும். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். யாரும் அந்தக் கோப்பைத் தொட விரும்ப மாட்டார்கள். பொய்யான பாக்கி அப்படியே வருடா வருடம் கூடிக்கொண்டு போகும்.

இதற்கு நேர் எதிரான கசிவும் உண்டு. தரைத்தளத்துக்கு வரி போட்டது 2005ல். மாடி கட்டியது 2014ல். பதிவேட்டில் மாடி இன்னும் ஏறவில்லை. வீடு என்று வரி, கீழே நடப்பது செல்போன் கடை. பில் கலெக்டர் தெருவில் நடந்து போனாலே தெரியும் விஷயம்தான். மின்வாரியத்தின் இணைப்பு எண்களையும் வரிவிதிப்பு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுலபம்: ஒரே வரிவிதிப்பு எண்ணில் நான்கு மின் இணைப்பும், அதில் இரண்டு வணிக இணைப்பும் இருந்தால், நேரில் போய் அளக்க வேண்டிய கட்டடம் அது. விகிதத்தை உயர்த்தாமலே வருமானத்தைக் கூட்ட இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவர் மேல் சுமை ஏறாது.

மற்ற வரவுகள்

தொழில் வரி அரையாண்டு வருமானத்தைப் பொறுத்தது; 21,000 ரூபாய் வரை கிடையாது. உச்சபட்சம் ஆண்டுக்கு 2,500. இந்த உச்சவரம்பு அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 1988ல் 250லிருந்து 2,500 ஆக்கினார்கள், அதற்குப் பிறகு தொடவில்லை. லட்ச ரூபாய் சம்பளக்காரரும் அதே 2,500தான். ஆனாலும் கடலூர் மாதிரி மாவட்டத் தலைநகருக்கு இது நல்ல வரவு. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, வங்கிகள் எல்லாம் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிடும், துரத்த வேண்டியதில்லை. துரத்த வேண்டியது தனியார் கடைகளையும் சொந்தத் தொழில் செய்கிறவர்களையும். ஊழியரிடம் பிடித்துவிட்டு மாநகராட்சிக்குக் கட்டாத நிறுவனங்களும் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் கட்டிய ரசீதைக் கேட்க ஊழியருக்கு உரிமை இருக்கிறது.

விளம்பர வரி 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது போய்விட்டது. விளம்பரப் பலகைக்கு உரிமக் கட்டணம் வாங்கலாம், வரி போட முடியாது. கேளிக்கை வரி மட்டும் தப்பியது. உள்ளாட்சி விதிக்கும் கேளிக்கை வரியை அரசியல் சட்டத் திருத்தம் விட்டுவைத்ததால், தமிழ்நாடு 2017லேயே தனிச் சட்டம் போட்டு, சினிமா டிக்கெட்டில் ஒரு பங்கை உள்ளாட்சிக்கு வைத்துக்கொண்டது.

காலிமனை வரி, கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமம் ஆகியவற்றை இங்கே சொல்லி நகர்ந்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஏலமும் வாடகையும். பேருந்து நிலையக் கழிப்பறை, இருசக்கர வாகன நிறுத்தம், தினசரி மார்க்கெட் சுங்கம், ஆடு அடிக்கும் தொட்டி இவற்றை ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். முந்தைய ஏலத்தொகையோடு கொஞ்சம் கூட்டி ஆரம்பத் தொகை வைப்பது வழக்கம். இங்கே நடக்கும் தில்லுமுல்லு பழைய கதை: ஏலம் கேட்கிறவர்கள் முதல் நாளே கூடிப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் ஆரம்பத் தொகைக்கு மேல் நூறோ ஆயிரமோ கேட்பார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இல்லாவிட்டால் ஒருவருமே வர மாட்டார்கள். மறு ஏலம், மறு ஏலம் என்று தள்ளி, ஆரம்பத் தொகையைக் குறைக்க வைப்பார்கள். ஆட்கள் நேரில் வர வேண்டியிராத மின்னணு ஏலமும், ஏலத்துக்கு முன் ஒரு வாரம் அலுவலக ஆளே நின்று உண்மை வசூலை எண்ணிப் பார்ப்பதும் இதற்கு மருந்து. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி நிற்கிறது, ஒரு வண்டிக்கு எவ்வளவு என்று எண்ணிவிட்டால் ஆண்டுத்தொகை தெரிந்துவிடும்.

கடை வாடகையில் வேறு நோய்: உள்வாடகை. மாநகராட்சிக்கு 3,000 கட்டும் வாடகைதாரர் அதே கடையை வேறொருவருக்கு 12,000க்கு விட்டிருப்பார். நடுவில் போகும் 9,000 ஊருக்கு வர வேண்டிய பணம்.

ஊராட்சியில் என்ன வேறுபாடு?

கடலூர் மாவட்டத்தில் 683 கிராம ஊராட்சிகள். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரியும் தொழில் வரியும் விதிக்கும் அதிகாரம் கிராம ஊராட்சிக்குத்தான். அதற்கு மேலே இருக்கும் ஊராட்சி ஒன்றியமோ மாவட்ட ஊராட்சியோ வீட்டு வாசலில் வந்து வரி கேட்காது. அவை பெரும்பாலும் மானியத்தையும் ஒதுக்கீட்டையும் நம்பி இருப்பவை.

ஊராட்சிக்கு வரும் ஒதுக்கப்பட்ட வருவாயில் தலவரி உண்டு. நிலவரி ஒரு ரூபாய்க்குத் தலவரி ஒரு ரூபாய். நிலவரியே மிகக் குறைவு என்பதால் இதுவும் குறைவு. மண், கல் எடுக்கும் இடங்களில் கனிமக் கட்டணப் பங்கு வரும். இதில் ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு பெரிது. குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கும் மண் ஊராட்சி எல்லை. அந்தக் கட்டடங்களின் வரி அங்கே போகும். பத்து கிலோமீட்டர் தள்ளி, குடிசையும் ஓட்டு வீடும் மட்டும் இருக்கும் ஊராட்சிக்கு வீட்டு வரி மொத்தமும் சேர்ந்தாலும் மோட்டார் ஓடும் மின்கட்டணத்துக்குக் காணாது. நகரத்தோடு சேர்க்கப் பேச்சு வரும்போது கிராமங்கள் எதிர்ப்பதற்கும் இதில் காரணம் இருக்கிறது: வரி கூடும், நூறு நாள் வேலை போகும், ஊராட்சி மன்றம் கலையும்.

வசூல் முறை மாறியிருக்கிறது. முன்பு ஊராட்சிச் செயலர் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்; புத்தகத்தின் அடிக்கட்டையும் கல்லாவில் கட்டிய தொகையும் ஒத்துப் போகாத வழக்குகள் ஏராளம். இப்போது வரி இணையதளத்தில் ஏறி, ரசீது கணினியில் வருகிறது. அறுவடைக்குப் பிறகு கேட்டால் கட்டுவார்கள், ஆடியில் கேட்டால் முறைப்பார்கள் என்ற உண்மையை மட்டும் எந்தக் கணினியும் மாற்றவில்லை.

மானியம்: பெயர் எழுதி வரும் பணம்

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. இது பெரும்பாலும் அன்றாடச் செலவைத் தாங்கும் பணம். மத்திய நிதிக்குழு மானியம் வேறு. 2026 மார்ச் வரைக்கான 15ஆவது நிதிக்குழுவின் அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனை நிதியாக இருந்தது. அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்று இருந்தது.

திட்ட மானியங்களில் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கும்: உள்ளூர்ப் பங்கு. அம்ருத் 2.0 போன்ற குடிநீர், கழிவுநீர்த் திட்டத்தில் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள் உள்ள நகரத்துக்கு மத்திய அரசு மூன்றில் ஒரு பங்குதான் தரும். மீதி மாநிலமும் நகரமும். நகரம் தன் பங்கைச் சொந்த வருமானத்திலிருந்து எடுக்கும், இல்லாவிட்டால் கடன் வாங்கும். கடன் வாங்கினால் பதினைந்து, இருபது வருடம் தவணை போகும். அப்புறம் அந்தத் திட்டத்தை ஓட்டும் செலவு: மோட்டார், மின்சாரம், ஆபரேட்டர். அதற்கு மானியம் கிடையாது. பாதாளச் சாக்கடை போட்டுவிட்டு வீட்டு இணைப்பு ஏறாமல் தவிக்கும் ஊர்களில் சிக்கல் இதுதான். கழிவுநீரேற்று நிலையம் ஓடத்தான் வேண்டும், கட்டணம் கட்ட இணைப்பு இல்லை.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. இவை உள்ளாட்சியின் பணம் கிடையாது. நிழற்குடையில் பெயர் எழுதியிருப்பதால் மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நிழற்குடை கட்டிய பிறகு அதன் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவு செய்வது மட்டும் உள்ளாட்சி.

மூன்று பைகள்

தமிழ்நாட்டு நகர உள்ளாட்சியின் பட்ஜெட்டைத் திறந்தால் ஒரு கணக்கு இருக்காது, மூன்று இருக்கும். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாயும் உள்ளே வந்ததும் இந்தப் பைகளுக்குப் பங்கு பிரியும்.

வருவாய்ப் பையிலிருந்து முதலில் போவது சம்பளமும் ஓய்வூதியப் பங்களிப்பும். அடுத்து தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தின் மாதத்தொகை, வண்டிகளுக்கு டீசல், கடன் தவணை. இவற்றைத் தள்ளிப்போட முடியாது. இத்தனையும் போன பிறகு அடியில் தங்குவதைத்தான் கவுன்சிலர்கள் மன்றத்தில் சண்டை போட்டுப் பங்கு வைக்கிறார்கள். வார்டுக்கு 5 லட்சம் என்று ஒதுக்கினாலே 45 வார்டுக்கு 2 கோடியே 25 லட்சம். மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வார வேண்டிய ஊர் இது. கெடிலமும் பெண்ணையாறும் இரண்டு பக்கம், கிழக்கே கடல். 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த ஊரில் தூர்வாரும் செலவை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் அடியில் தங்கும் இந்த மிச்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குடிநீர்ப் பை பெரும்பாலும் ஓட்டைப் பை. கட்டணம் மாதம் இவ்வளவு என்று நிலையாக இருக்கும். மோட்டார் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பற்றாக்குறையை வருவாய்ப் பையிலிருந்து கடனாக எடுத்து ஈடுகட்டுவார்கள். திருப்பிக் கொடுப்பது ஏட்டில்தான். கல்விப் பையில் வேறு விசித்திரம். மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்களுக்கு மட்டும் செலவு செய்யலாம் என்பதால் பல ஊர்களில் அங்கே பணம் தேங்கி நிற்கும். ஒரே அலுவலகத்தில் ஒரு கணக்கில் மிச்சம், இன்னொன்றில் மின்கட்டணப் பாக்கி.

ஒரு வேலை எப்படிச் செலவாகிறது

உடைந்த சிறுபாலம் ஒன்றைக் கட்ட வேண்டும். உதவிப் பொறியாளர் அளந்து எஸ்டிமேட் போடுவார். மன்றத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், பிறகு வேலை உத்தரவு. வேலை முடிந்ததும் அளவெடுத்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எம்-புக்கில் ஏறாத வேலைக்குக் காசு கிடையாது. ஊழல் நடக்கும் இடமும் இந்தப் புத்தகம்தான்: பத்து செ.மீ. கனத்துக்குப் போட்ட கான்கிரீட் பதினைந்து என்று ஏறும். போட்ட பிறகு மண்ணுக்குள் மறையும் அளவு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் அடித்தளம் போடும் நாளில் தெருக்காரர் ஒரு டேப்பை வைத்து அளந்து படம் எடுத்து வைப்பது, வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து மனு எழுதுவதைவிடப் பயன் தரும்.

வேலையின் மதிப்பு 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 90,000 சேர்த்து மாநகராட்சிக்குச் செலவு 5,90,000. வணிகர் மாதிரி இந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள உள்ளாட்சிக்கு வழியில்லை. காண்ட்ராக்டர் தனிநபர் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், 5,000. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்பதால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், 10,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 5,000. இவை போக மிச்சம் காண்ட்ராக்டர் கைக்கு. பணம் தாமதமாகும் ஊர் என்று பெயர் எடுத்துவிட்டால், காண்ட்ராக்டர்கள் அந்தத் தாமதத்தின் வட்டியையும் டெண்டர் விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். வசூல் சுணங்கும் ஊரில் பாலம் கட்ட அதிகம் செலவாவது இப்படித்தான்.

ஆற்றைத் தாண்டினால்

கடலூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் பாகூர்ப் பக்கம் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது. நிதி விதிகளும் மாறுகின்றன. அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள், ஐந்து நகராட்சிகள், பல கிராமங்களைச் சேர்த்த பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள். 1968க்குப் பிறகு 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தபின் அதிகாரிகளே நடத்துகிறார்கள். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழுவின் உள்ளாட்சி மானியம் அதற்கு வருவதில்லை. வீட்டு வரி அங்கேயும் உண்டு. ஆனால் அதை உயர்த்தலாமா, எதற்குச் செலவழிக்கலாம் என்று வாக்குக் கேட்டு வந்தவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசும் இடம் இல்லை.

நீங்களே பார்க்க

கிராமத்தில் என்றால் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை அங்கே வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் இருப்பார்கள். மின்கட்டணம் எவ்வளவு, வீட்டு வரி எவ்வளவு என்று இரண்டே எண்ணைக் கேட்டு ஒப்பிட்டால் ஊராட்சியின் நாடி தெரிந்துவிடும்.

நகரத்தில் பட்ஜெட் மார்ச் வாக்கில் மன்றத்துக்கு வரும். புதிய அறிவிப்புகள் இருக்கும் பக்கத்தைவிட, சென்ற ஆண்டுக்குத் திட்டமிட்ட தொகையும் உண்மையில் வந்த தொகையும் அடுத்தடுத்து இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். திட்டத்தில் 10 கோடி, வந்தது 6 கோடி, இந்த ஆண்டு மறுபடி 11 கோடி என்று இருந்தால், செலவுப் பக்கத்தில் இருக்கும் பாதி வேலை நடக்கப் போவதில்லை.

பட்ஜெட்டில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய மனு போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியை எழுதும் விதம் முக்கியம். "சொத்து வரி வசூல் எவ்வளவு?" என்று கேட்டால் ஒற்றை எண் வரும். "வார்டு வாரியாக, நடப்புத் தனி, பாக்கி தனி, நீதிமன்றத் தடையில் இருப்பது தனி; அதோடு பாக்கித் தொகையில் முதல் ஐம்பது இடத்தில் உள்ள வணிகக் கட்டடங்களின் வரிவிதிப்பு எண்கள்" என்று எழுதினால் பதிவேட்டைத் திறந்துதான் பதில் எழுத வேண்டியிருக்கும்.